வெள்ளிக்கிழமை நான் சொல்லப் போவது

அன்பு மகன் ரியாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு அமைதி உண்டாகட்டும் என்று ஸலாம் சொல்லிவிட்டு, உன் அமைதியைக் கெடுக்கத்தான் பேனா எடுத்திருக்கிறேன். நேரிலோ போனிலோ பேசியிருக்கலாம். பேச்சு என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், கடைசியில் நீ கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். நேற்று அப்படித்தான் நடந்தது. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. உன் மாமு படிக்கட்டும். ஜமாஅத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும். உன் மனைவி ஷமீமாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. நான் ஒளித்து வைத்த காலமெல்லாம் போதும்.

நேற்று மதியம் ஜமாஅத் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “ஏனுங்கம்மா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் உக்காருறோமுங்க. உங்க மருமக குலா கேட்டு எழுதிக் குடுத்திருக்குது. உங்க பையன் முடியாதுங்கறார். நீங்க வந்து ரெண்டு விஷயம் சொன்னாப் போதுங்க” என்றார். குலா என்றால் இந்தக் கணவன் எனக்கு வேண்டாம் என்று பெண் தானே கேட்கிற மணவிலக்கு. நம் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதுகூடக் கிடையாது. அவர் கேட்ட இரண்டு விஷயம் இதுதான். கல்யாணம் பேசியபோது, பெண் வேலைக்குப் போகலாம் என்று நாங்கள் வாக்குக் கொடுத்தோமா இல்லையா. ஷமீமா காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறாள் என்று நீ சொல்கிறாயே, அப்படியானால் பிள்ளை ஹனாவை யார் வளர்ப்பது. அவர் போன கொஞ்ச நேரத்தில் உன் போன் வந்தது. “அப்படி ஒரு பேச்சே நடக்கலைன்னு சொல்லும்மா. வயித்துல இருந்த புள்ளைய வேலை வேலைன்னு அலைஞ்சே அழிச்சவள்னு நான் சொல்லிக்கறேன். ஹனா நம்மகிட்ட வந்துரும். நீதான வளக்கப் போற” என்றாய். நான் சரி கண்ணு என்றேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ பார்த்த பக்கம் வேறு. உன் அத்தா மவுத்தாகி நம்மை விட்டுப் போனபோது உனக்குப் பத்து வயது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா நாள் முடிந்த மறு வாரமே நான் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனேன். தைத்து வருகிற துணியை மேசையில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருவேன். எட்டு வருடம் நின்றுகொண்டே செய்த வேலை. நம் தெருவில் அன்றைக்கு எந்த வீட்டுப் பெண்ணும் கம்பெனிக்குப் போகவில்லை. நான் புர்கா போட்டு முகத்தை மூடிக்கொண்டு சந்து வழியாக வேகமாக நடப்பேன், யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக. கையில் டிபன் தூக்கு இருக்கும். தூக்கோடு போகிறவள் எங்கே போகிறாள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நான்தான் பெரிய புத்திசாலிபோல் முகத்தை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு கல்யாணத்தில் பெண்கள் பந்தியில் நான் உட்காரப் போனேன். உன் மாமுவின் மனைவி, என் சொந்த அண்ணன் பொண்டாட்டி, பக்கத்தில் இருந்தவளிடம், “இவங்க கம்பெனிக்குப் போறவங்க, நேரத்துல போகோணும், முதல்ல போட்டு அனுப்பி உடுங்க” என்றாள். அக்கறையாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. இலையைச் சுற்றி இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. அன்றைக்கு மனசுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன், என் மகன் தலையெடுத்த பிறகு இந்த வீட்டுப் பெண் ஒருத்தியும் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று. யாரும் கேட்காத சத்தியம். அதைக் காப்பாற்றப் போய்த்தான் இத்தனையும் செய்தேன்.

இன்னொன்றும் அந்தக் காலத்தில் நடந்தது. நீ ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தால், நீ சோறு வடித்து, ரசம்போல் ஏதோ ஒன்று கொதிக்க வைத்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாய். “அம்மா, நீ உக்காரு” என்றாய். அன்றைக்குப் பார்த்து உன் மாமு வந்திருந்தார். “என்னடா, பொட்டப்புள்ள ஆயிட்டியா” என்று சிரித்தார். நீயும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தட்டைப் பிடுங்கி, “இந்த வேலையெல்லாம் உன்ன யாரு பண்ணச் சொன்னது, போய்ப் படி” என்று கத்தினேன். அதன் பிறகு நீ அடுப்பங்கரைக்குள் வந்ததில்லை. முப்பத்து நான்கு வயதில் நீ தண்ணீர் குடித்த டம்ளரை வைத்த இடத்திலேயே விட்டுப் போனபோதெல்லாம், ஷமீமா அதை எடுத்துக் கழுவியபோதெல்லாம், எனக்கு அந்த ராத்திரிச் சோறுதான் ஞாபகத்துக்கு வரும். நீ அப்படிப் பிறக்கவில்லை. நான்தான் உன்னை அங்கிருந்து விரட்டினேன்.

சரி, வெள்ளகோவிலில் பெண் பார்த்த நாளுக்கு வருகிறேன். பெண் பார்க்கப் போனது நான், உன் மாமு, அவர் மனைவி, மூன்று பேர். ஷமீமாவின் அத்தா ஓய்வு பெற்ற வாத்தியார், மெதுவாகப் பேசுகிற மனிதர். டீ கொடுத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, பெண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தது. கோயம்புத்தூரில் ஆடைத் தொழில் படித்துவிட்டு, பெருமாநல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரன் கேட்கிற துணி, நிறம், அளவு எல்லாவற்றையும் எழுதி வாங்கி, நூலில் ஆரம்பித்துக் கப்பல் ஏறுகிற வரை ஒன்றும் பிசகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. “மாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேனுங்க. பேறுகாலத்துக்கு லீவு போடுவேன், மறுபடியும் போவேன். உங்களுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசலாங்க. இல்லீன்னா இப்பவே சொல்லிருங்க, வருத்தமில்லீங்க” என்றது. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கவில்லை. ஆனால் பெண்ணைப் பிடித்திருந்தது. நிறம், படிப்பு, குடும்பம், எல்லாம் பிடித்திருந்தது. “அதுக்கென்ன கண்ணு, நானே கம்பெனிக்குப் போயி புள்ளைய ஆளாக்குனவதான், எங்க ஊட்டுல அது ஒரு பிரச்சனையே இல்ல” என்றேன். என் அவமானத்தையே எடுத்துக் காட்டி அவளை நம்ப வைத்தேன்.

அப்போது வாத்தியார் தயங்கித் தயங்கி, “தப்பா எடுத்துக்காதீங்க, நிக்காஹ் தஃப்தர்லயே இத ஒரு வரி எழுதிட்டா எனக்கு நிம்மதிங்க” என்றார். கல்யாணப் பதிவேட்டில் இப்படி நிபந்தனை எழுதலாம், தப்பில்லை, பல இடத்தில் எழுதுகிறார்கள். எனக்குத்தான் மூஞ்சி சுண்டிப் போயிற்று. “எழுத்து என்னத்துக்குங்க? அல்லாஹ்வ முன்ன வெச்சுச் சொல்றேன். என் வார்த்த மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்றேன். அந்த மனிதர் கூசிப் போய், “அய்யோ, அப்படியில்லீங்க, நீங்க சொன்னதே போதும்” என்று விட்டுவிட்டார். அந்த ஒரு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு ஜமாஅத் என்னைத் தேடி வந்திருக்காது. வாத்தியார் போன வருடம் மவுத்தாகிவிட்டார். உன் மாமுவைக் கேட்டால் ஞாபகமில்லை என்கிறார். அவர் மனைவியும் அப்படித்தான். வெள்ளகோவில் சம்பந்தியம்மா பெண்ணைப் பெற்றவள், அப்படித்தான் சொல்லுவாள் என்று தள்ளிவிடுவார்கள். மிச்சம் நான் ஒருத்திதான்.

அன்றைக்குத் திரும்பி வந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே, “சரின்னு சொல்லும்மா. ஒரு புள்ள வந்துட்டா தானா நின்னுக்குவா” என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ரியாஸ், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று ஜமாஅத்தில் எப்படிச் சொல்லப் போகிறாய்? நீயும் நானும் அந்த வாக்கைக் கொடுத்த அன்றே உடைத்துவிட்டுத்தான் கல்யாணப் பத்திரிகை அடித்தோம். நிக்காஹ் அன்றைக்குப் பெண்ணுக்காகப் பேசுகிற வக்கீலும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் சம்மதம் என்று சொன்னாள். நிக்காஹ்வை ஒட்டிக் கொடுத்த வாக்கு மற்ற எல்லா வாக்கையும்விடக் கனமானது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பயானில் உபதேசம் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தப் பார்வைதான் வருகிறது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன்.

அவள் வந்த பிறகு நான் சண்டை போட்டேனா? ஒரு நாள்கூட இல்லை. நல்ல மாமியார் என்று தெருவே சொல்லும். நான் செய்ததெல்லாம் சத்தமில்லாத வேலை. அவள் கிளம்புகிற நேரம் பார்த்து எனக்குத் தலை சுற்றும். அவளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற நாளாகப் பார்த்து நான் விருந்துக்கு ஆள் கூப்பிடுவேன். நோன்பு மாதத்தில் கஞ்சி நேரத்துக்கு அவள் வந்து சேராவிட்டால், ஒன்றும் சொல்லாமல் அவள் தட்டை மட்டும் தனியாக மூடி வைப்பேன், நீ பார்க்கிற மாதிரி. நீ பார்த்தாய். முகம் சுளித்தாய். என்னை மடக்கி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் என்ன செய்தாள்? காலையில் நான்கு மணிக்கு எழுந்து மதியச் சோறு வரைக்கும் ஆக்கி வைத்துவிட்டுப் போனாள். சம்பளம் ஏறியது, பதவி ஏறியது, அவளுக்குக் கீழே ஆள் வந்தார்கள். ஹனா பிறந்து, சொன்னது மாதிரியே லீவு முடிந்ததும் போனாள். உன் கணக்குப்படி அவள் தானாக நின்றிருக்க வேண்டும். அவள் நிற்கவில்லை. வீரபாண்டியில் உன் எம்பிராய்டரி யூனிட்டில் வேலை குறைந்தபோது, யாரிடமோ பேசி உனக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதை நீ மாமு வீட்டில் சொன்னாயா? நானும் சொல்லவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் கம்பெனிக்குப் போனது வேறு வழியில்லாமல். கால் வீங்கி, ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டு, எப்போது இது முடியும் என்று நாள் எண்ணினேன். இவள் வேறு வழி இருந்தும் போகிறாள். சந்தோஷமாகப் போகிறாள். சாயங்காலம் வந்து, “மாமி, இன்னைக்கு நம்ம ஸ்டைல் பாஸாயிருச்சுங்க” என்று, வெளிநாட்டுக்காரன் அவர்கள் உடுப்பை ஒத்துக்கொண்டதை என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். செக்கிங் மேசையில் நின்றவளுக்குப் புரியும் என்று நினைத்து என்னிடம் சொல்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் தாங்க முடியவில்லை. நான் எட்டு வருடம் தலைகுனிந்து செய்ததை இவள் தலைநிமிர்ந்து செய்தால், நான் குனிந்ததற்கு என்ன அர்த்தம் என்று உள்ளுக்குள் ஒரு ஆத்திரம். இதை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி நீ உட்கார்ந்துகொண்டு படி. இது உனக்குத் தெரியாதது.

போன வருடம் அவள் ஐந்து மாதம் கர்ப்பமாக இருந்தபோது நடந்தது. காலையில் கிளம்பும்போது, “மாமி, இன்னைக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுங்க. சாயங்காலம் வரைக்கும் போன் எடுக்க முடியாது. ஹனாவப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாள் என்றால் என்னவென்று எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து, கட்டி வைத்த பெட்டிகளைப் பிரித்து, தன் இஷ்டத்துக்குப் பீஸ் எடுத்துப் பார்ப்பான். ஒன்றும் சொல்லாமல் போனால் சரக்கு கப்பலுக்குப் போகும். முகம் சுளித்தால் மாதக்கணக்கில் பட்ட பாடு அவ்வளவுதான். மேசைப் பக்கம் அவள் நின்றே ஆக வேண்டும். அன்றைக்கு மதியம் உன் மாமுவின் மனைவி வந்திருந்தாள். டீ குடித்துக்கொண்டே, “மருமகள எங்கீங்க காணோம்?” என்றாள். கம்பெனிக்கு என்றேன். “மாசமா இருக்கறப்பவுமா? உங்க ஊட்டுல இன்னும் அந்தத் தூக்கு எறங்கலையாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. “நான் கூப்பிட்டா இப்ப வருவா, பாருங்க” என்றேன். அவள் போன் எடுக்கமாட்டாள் என்று தெரியும். அதனால் அவள் ஆபீஸ் நம்பருக்கே கூப்பிட்டு, “புள்ள அழுது அழுது மூச்சு வாங்குது, அவங்கம்மாவ உடனே வரச் சொல்லுங்க” என்று சொன்னேன். ஹனா அப்போது என் காலடியில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. வாயில் விரலை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஷமீமா இன்ஸ்பெக்‌ஷனைப் பாதியில் விட்டுவிட்டு, கம்பெனி வண்டிக்குக்கூடக் காத்திருக்காமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பெருமாநல்லூர் ரோட்டில் முன்னால் துணி ஏற்றிப் போன டெம்போ நின்றதும் இவள் பிரேக் போட்டிருக்கிறாள், வண்டி சறுக்கி விழுந்துவிட்டது. மிச்சம் உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஆண் பிள்ளை. நீதான் அதை வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டு போனாய். அடக்கம் செய்துவிட்டு நீ வந்தபோது உன் சட்டையில் மண் ஒட்டியிருந்தது, நான் அதைத் தட்டிவிடப் போனேன், நீ தள்ளிக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மயக்கம் தெளிந்ததும் முதலில் என்னைத்தான் கேட்டாள். “ஹனா எப்படி இருக்குதுங்க மாமி? அழுகை நின்னுச்சுங்களா?” என்றாள். நான், “நின்னுருச்சு கண்ணு, தூங்குது” என்றேன். அந்த ஒரு பொய்யை நான் அல்லாஹ்விடம் எப்படிச் சொல்லப் போகிறேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு வருடமாக நீ அவளைச் சொல்கிறாய், வேலைக்குப் போய் என் பிள்ளையைக் கொன்றுவிட்டாய் என்று. நீ சொல்லும்போதெல்லாம் நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை, “புள்ள அழுகுதுன்னு கூப்பிட்டாங்க, வந்தேன். வராம இருந்திருக்கணுமா?” என்று உன்னைக் கேட்டாள். என் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நீ அவளுடைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாய். வேலையா வீடா என்று இப்போதே சொல் என்றாய். அவள் ஹனாவைத் தூக்கிக்கொண்டு, பீரோவைத் திறக்கச் சொல்லிக்கூடக் கேட்காமல் வெளியே போனாள். இப்போது பெருமாநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் அவளும் பிள்ளையும், துணைக்கு அவள் அம்மாவும். நான்கு மாதம் ஆகிறது.

அவள் போன அன்றைக்கே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்றால் ஹனா. நீ ஜமாஅத்தில் ஜெயித்தால் ஹனா எனக்குக் கிடைக்கும் என்று நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அது ஆம்லெட்டின் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தால்தான் தின்னும். என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “நன்னிமா, நீயும் ஸ்கூலுக்கு வா” என்று கேட் வரைக்கும் இழுக்கும். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து போய்விடுகிறேன், பிறகு வாசலைக் கூட்டுகிற மாதிரி நின்றுவிட்டு வருகிறேன். இந்த வயதில் எனக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளைதான். நேற்று செயலாளர் கேட்டதும் எனக்கு முதலில் ஹனாவுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்றுதான் தோன்றியது. அவர் போன பிறகுதான் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. அவள் மகனை என் பொய் கொண்டுபோயிற்று. மிச்சம் இருக்கிற மகளையும் இன்னொரு பொய்யைச் சொல்லி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

நீ கோபப்படுவாய். படு. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவள் அவள், அவளிடமும் நான் கேட்கத் துணியவில்லை. உனக்கு ஒரு வழி மட்டும் விட்டு வைக்கிறேன். வியாழக்கிழமை முழுக்க இருக்கிறது. நீயே செயலாளரிடம் போய், வாக்குக் கொடுத்தது உண்மைதான், எனக்கும் தெரியும் என்று சொல். குலாவுக்குச் சம்மதம் எழுதிக் கொடு. பிடித்து வைத்துக்கொண்டு அவளை ஜமாஅத் வாசலுக்கும் கோர்ட் வாசலுக்கும் இழுக்காதே. அவளைத் திரும்பக் கூப்பிடு என்றும் நான் சொல்ல மாட்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவாய்? இனி ஒருத்தியை நீ கல்யாணம் செய்தால், அவள் படித்தவளோ படிக்காதவளோ, பேசுகிற அன்றைக்கே உன் மனசில் இருப்பதை அவள் முகத்துக்கு நேராகச் சொல். நிபந்தனை எழுதச் சொன்னால் எழுது. அம்மாவை அனுப்பாதே. கல்யாணம் உனக்கு. வாக்கும் உன்னுடையதாக இருக்கட்டும். நீ குடித்த டம்ளரை நீ கழுவு. பெரிய உபதேசமாக ஒன்றும் என்னிடம் இல்லை.

நீ போகாவிட்டாலும் நான் போவேன். நீ வண்டி எடுத்து வர வேண்டாம், நானே நடந்து வந்துவிடுவேன். பெண்கள் பக்கம் திரை போட்டிருப்பார்கள். ஷமீமாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், சம்பந்தியம்மாவும் இருப்பாள். வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லுவேன். என் மகனுக்கும் அது தெரியும் என்று சொல்லுவேன். பிறகு அந்தப் போனைப் பற்றிச் சொல்லுவேன், உன் மாமுவின் மனைவி பக்கத்தில் இருந்தாள் என்பதையும் சேர்த்து. அதைக் கேட்டதும் ஷமீமா எழுந்து என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அவள் என்ன செய்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஹனாவை அதன் பிறகு என் கண்ணில் காட்டமாட்டாள். அதற்கு நான் தயாராக இல்லை. தயாராகும் வரை காத்திருந்தால் நான் சொல்லவே மாட்டேன், அதனால்தான் உனக்கு முன்கூட்டியே எழுதி, பின்வாங்க முடியாதபடி என்னை நானே கட்டிப் போட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் செயலாளர் இரண்டாவது கேள்வியைக் கேட்பார். “ஏனுங்கம்மா, அப்பப் புள்ளைய உங்ககிட்டக் குடுத்தா நீங்க வளப்பீங்களா?” என்பார். எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், நீயும் பார்ப்பாய். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், ரியாஸ். “வேண்டாமுங்க. நான் ஒருத்தன வளத்தது போதுங்க.”